பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்கும்போது: எந்த அறிகுறிக்கு என்ன முடிவு

பிரிட்டனில் பழைய கார் விற்கும் தளங்களை ஒரு மாலை நேரம் புரட்டினால் போதும், கண்ணில் பட்டுவிடும்: போர்ஷே பாக்ஸ்டர், இருபது வயது, விலை ஒரு புதுச் சின்னக் காரின் விலையில் பாதிகூட இல்லை. நடுவில் ஆறு சிலிண்டர் இன்ஜின், மடக்கும் கூரை. ஆசை வருவதில் தப்பில்லை. ஆனால் காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. உதிரிபாகத்தின் விலையும் மெக்கானிக்கின் மணிக்கூலியும் போர்ஷே விலையிலேயே நிற்கின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்வது இந்தக் காருக்கு அப்படியே பொருந்தும்.

அதற்காகப் பயந்து ஓடவும் வேண்டாம். இருபது வருடக் காரில் குறையே இருக்கக் கூடாது என்று தேடினால் ஆயுசுக்கும் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். நான் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் குறையைச் சரிசெய்யும் செலவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டா? கிளட்ச் தேய்ந்திருக்கிறது, ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்றால் எவ்வளவு ஆகும் என்று நாலு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டே தெரிந்துகொள்ளலாம். அந்தக் குறையை வைத்து விலை பேசலாம். “திறந்து பார்த்தால்தான் சார் தெரியும்” என்கிற குறையை விற்பவரிடமே விட்டுவிட்டு வர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியை ஒவ்வொரு அறிகுறிக்கும் போட்டுப் பார்ப்பதுதான்.

எந்தக் கார்கள்

986 என்பது 1996 முதல் 2004 வரை வந்த முதல் பாக்ஸ்டர். 2.5 லிட்டரில் தொடங்கி, பிறகு 2.7, கூடவே சக்தி கூடிய வகையான 3.2 லிட்டர் எஸ். 987 என்பது 2005 முதல் 2012 வரை. அதில் 2009-இல் இன்ஜினையே மாற்றிவிட்டார்கள், அந்தக் கோடு முக்கியம், பிறகு வருகிறேன். கேமன் என்பது 987-இன் கூரை மூடிய தம்பி. அதே காலத்து 911 கார்களான 996, 997 ஆகியவற்றிலும் இதே குடும்பத்து இன்ஜின் என்பதால் கீழே வரும் இன்ஜின் சமாசாரம் அவற்றுக்கும் பொருந்தும். அந்தத் தலைமுறையின் டர்போ, ஜிடி3 இரண்டுக்கும் வேறு இன்ஜின், அவை இந்தக் கணக்கில் வராது.

கிளம்பும் முன் பதிவு எண்ணை வைத்து

அரசுத் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் காரின் எம்.ஓ.டி. (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாறு இலவசமாக வரும். ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் தோற்றது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கும். மைல் கணக்கு ஒரு வருடம் ஏறி அடுத்த வருடம் இறங்கினால் அத்தோடு முடிந்தது. அதைவிட நுணுக்கமான விஷயம் ஒன்று: “பின் டயர் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது”, “ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது” என்கிற அதே எச்சரிக்கை மூன்று வருடம் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால், சோதனையில் தோற்காத அளவுக்கு மட்டும் செலவழித்த ஆள் அதன் உரிமையாளர். கண்ணுக்குத் தெரிந்ததையே விட்டவர் ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா?

லண்டனில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க யூலெஸ் என்கிற, அதிகம் புகைவிடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் எல்லைக்குள் வந்துவிட்டது. தேறாத கார் தெருவில் இறங்கினால் நாளுக்கு 12.50 பவுண்டு. பெட்ரோல் காருக்கு யூரோ 4 என்கிற புகைத் தரம் வேண்டும். 986-களில் சில தேறும், சில தேறாது, ஆண்டை வைத்து ஊகிக்க வேண்டாம். இதையும் பதிவு எண் போட்டுப் பார்த்துவிடலாம்.

சாலை வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான காருக்குப் புகை அளவு எவ்வளவு அதிகமானாலும் வரி ஒரு படிக்கு மேல் ஏறாது. அதற்குப் பிறகு பதிவான அதே 987-க்கு வருடத்துக்குச் சுமார் 300 பவுண்டு கூடுதல். பிப்ரவரியில் பதிவான கார், ஏப்ரலில் பதிவான கார், இரண்டும் ஒரே கார்தான். ஐந்து வருடம் வைத்திருந்தால் அந்த வித்தியாசத்தில் ஒரு கிளட்ச் வேலையே ஏறக்குறைய முடிந்துவிடும்.

நீங்கள் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறது

முதல் நாளே போனில் சொல்லிவிட வேண்டும்: “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.” போனதும் முதல் வேலை, பின் டிக்கியைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியிருக்கும் பகுதியைத் தொட்டுப் பார்ப்பது. வெதுவெதுப்பாக இருந்து, “இப்போதுதான் பெட்ரோல் போட்டு வந்தேன்” என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம். டீ குடித்துவிட்டு, இன்னொரு காரையும் பார்த்துவிட்டு, சில மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். சரி என்றால் நல்லது. வேண்டாம், இப்போதே பாருங்கள் என்று அவசரப்படுத்தினால் குளிர்ந்த நிலையில் ஏதோ சத்தம் வருகிறது என்று வைத்துக்கொண்டு கிளம்பலாம்.

ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம்

ஓரிரு நொடி வந்து அடங்கினால் கவலையில்லை. இரவு முழுக்க நின்ற காரில் ஆயில் அழுத்தம் ஏறும்வரை, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களும் வால்வைத் தள்ளும் டேப்பெட்டுகளும் கொஞ்சம் பேசும். அடங்காமல் தொடர்ந்தால், அல்லது இன்ஜின் சூடான பிறகும் பின்பக்கமிருந்து உலோகம் உரசுவதுபோல் வந்தால், அங்கேயே சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்” என்பார்கள். ஓட்டினால் உங்கள் கையில் இருக்கும்போது உடைந்தது என்று ஆகிவிடும்.

ஸ்டார்ட் செய்ததும் புகை

இதில்தான் அனாவசியமாகப் பயப்படுகிறவர்களும் உண்டு, அனாவசியமாகத் துணிகிறவர்களும் உண்டு. மூன்று விதப் புகை இருக்கிறது.

ஒன்று: குளிரில் முதல் ஸ்டார்ட்டில் குப்பென்று வந்து சில நொடியில் மறையும் நீலப் புகை. இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் படுத்துக் கிடக்கின்றன. நின்றுகொண்டிருக்கும்போது கொஞ்சம் ஆயில் உள்ளே கசிந்து தேங்கும், சரிவான இடத்தில் நிறுத்தினால் இன்னும் அதிகம். எப்போதாவது வந்தால் இது இயல்பு.

இரண்டு: பின்னால் வரும் வண்டியே தெரியாத அளவுக்கு வெள்ளை மண்டலம், நிற்கவே மாட்டேன் என்கிறது. பெரும்பாலும் ஆயில் செப்பரேட்டர் போயிருக்கும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இருக்கும் பெட்டிக்குள் உருவாகும் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் டப்பா அது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால், காற்று போகும் இன்டேக் வழியாக இன்ஜின் ஆயிலையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். சோதனை சுலபம்: இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகித் தூக்கிப் பாருங்கள். வராமல் உள்ளே இழுத்துப் பிடித்தால், அல்லது மூடியைத் தூக்கியதும் இன்ஜின் தடுமாறி அணையும் அளவுக்கு உறிஞ்சல் இருந்தால், அதுதான். பாகம் சின்னது, அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் அதிகம். ஆனாலும் உச்சவரம்பு தெரிந்த செலவு. விலை பேசலாம். அதற்காக இந்தப் புகையோடு வீடுவரை ஓட்டி வர வேண்டாம், ஆயில் அளவுக்கு மீறி உள்ளே போனால் இன்ஜினே போகும்.

மூன்று: சூடான பிறகு, முடுக்கும்போது மெலிதாக நீலம். இது அடுத்த தலைப்புக்குக் கொண்டுபோகும்.

சூடான பிறகு டிக் டிக் என்று ஒரு பக்கம் தட்டுகிறது

முதலில் இது எப்போது வருகிறது என்று பிரிக்க வேண்டும். குளிரில் தட்டி, சூடானதும் மறைந்தால் டேப்பெட், அல்லது புகைக்குழாய் இணைப்பில் சின்னக் கசிவு. இரண்டுக்கும் விலை உண்டு. குளிரில் அமைதியாக இருந்து, பதினைந்து இருபது நிமிடம் ஓடிய பிறகு ஐடிலில் ஒரே சீராகத் தட்டத் தொடங்கினால், அது சிலிண்டர் சுவர் கீறல் என்று எடுத்துக்கொண்டு மேலே பாருங்கள்.

இந்த இன்ஜின்களில் சிலிண்டருக்கு இரும்பு லைனர் (உள்ளுறை) கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியச் சுவர், அதில் பூச்சுப் பூசிய அலுமினிய பிஸ்டன். பூச்சு தேய்ந்துபோனால் அலுமினியத்தோடு அலுமினியம் உரசும், சுவரில் நெடுக்காகக் கோடு விழும். கோடு விழுந்த சிலிண்டர் ஆயில் குடிக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே முடுக்கி ஓட்டுகிறவர்கள் கையில் இது சீக்கிரம் வரும். பிரிட்டன் போன்ற குளிர் நாட்டில் அதிகம் பேசப்படுவதும் அதனால்தான். 2009-க்கு முந்தைய 987 எஸ், கேமன் எஸ் கார்களின் 3.4 லிட்டர், 911-இன் 3.6, 3.8 லிட்டர் இன்ஜின்களில் இது அடிக்கடி வருகிறது. 986-இன் 2.5, 2.7 லிட்டரில் அரிது. சக்தி குறைந்த காரை வாங்குவதற்கு இது ஒரு நல்ல காரணம். விளம்பரத்தில் “எஸ்” என்ற எழுத்துக்குக் கூடுதல் பணம் கேட்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

911 என்றால் இரண்டு பக்கப் புகைக்குழாயிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒன்று உலர்ந்த சாம்பல் நிறம், மற்றது எண்ணெய்ப் பிசுக்கோடு கரிக்கறுப்பு என்றால் சந்தேகம் உறுதியாகிறது. பாக்ஸ்டரில் குழாய் நடுவில் ஒன்றாகச் சேர்வதால் இந்தச் சோதனை உதவாது. அங்கே பிளக்குகளைக் கழற்றி ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். எதுவானாலும் கடைசித் தீர்ப்பு போரோஸ்கோப் கேமராவுக்குத்தான். பிளக் துவாரம் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். கீறல் பெரும்பாலும் சிலிண்டரின் அடிப்பகுதியில் தொடங்குவதால், தெரிந்த மெக்கானிக் இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தும் பார்ப்பார். அதற்குக் கூலி அதிகம். 3.4 வாங்குகிறவர்கள் அந்தக் கூலியில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கீறல் உறுதியானால் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்ஜினைத் திறந்து சிலிண்டருக்கு லைனர் போட்டுக் கட்டினால் 10,000 பவுண்டை எளிதாகத் தாண்டும். பல பாக்ஸ்டர்களின் முழு விலையே அவ்வளவு இல்லை.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம்

பாக்ஸ்டரில் இன்ஜின் மேலிருந்து தெரியாது. டிக்கியைத் திறந்தால் ஆயில் மூடியும் கூலன்ட் மூடியும்தான். காரை லிஃப்டில் ஏற்றினால்தான் பேச முடியும். ஏற்றியதும் எல்லோரும் முதலில் டார்ச் அடிப்பது இந்த இடத்தில்.

இங்கே கசிவதற்கு இரண்டு காரணங்கள். கிராங்கின் பின் சீல், அல்லது ஐ.எம்.எஸ். என்கிற இடைத்தண்டின் மூடி. வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும். லேசான ஈரம் இந்த வயதுக் காரில் சகஜம். சொட்டுகிறது என்றால் வேலை வந்துவிட்டது.

ஐ.எம்.எஸ். பற்றி இணையத்தில் எழுதப்பட்டதைப் படித்தால் தூக்கம் போய்விடும். கிராங்கிலிருந்து செயின் மூலம் சுழன்று, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளுக்கு அசைவைக் கொடுக்கும் தண்டு அது. அதன் ஒரு முனையில் கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங் ஒன்று. வருடங்கள் போகப் போக ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கரைத்துவிடும். அதே சீல் புது ஆயில் போதுமான அளவு வரவிடாமலும் தடுக்கும். பேரிங் வறண்டு தேய்ந்து உடைந்தால் தண்டு ஆடும், டைமிங் தப்பும், வால்வும் பிஸ்டனும் மோதும். அத்தோடு இன்ஜின் போச்சு.

ஆனால் எல்லாக் காருக்கும் ஒரே ஆபத்து இல்லை. தொடக்க காலக் கார்களில் இரட்டை வரிசை பேரிங், அது பெரும்பாலும் தாங்குகிறது. ஏறக்குறைய 2001 முதல் 2005 வரை வந்தவற்றில் ஒற்றை வரிசை. பிரச்சினையின் மையம் அதுதான். அமெரிக்காவில் இதற்காகத் தொடர்ந்த கூட்டு வழக்கில் வெளிவந்த கணக்குப்படி இரட்டை வரிசையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவும், ஒற்றை வரிசையில் நூற்றுக்கு எட்டு அளவுக்கும் பழுதாகியிருக்கிறது. 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங். நன்றாகத் தாங்கும், ஆனால் இன்ஜினை இரண்டாகப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது நடு நட்டைப் பார்த்தால் தெரியும்: 22 மி.மீ. என்றால் பெரியது. 2009 முதல் வந்த புது இன்ஜினில் இடைத்தண்டே கிடையாது.

ஒற்றை வரிசைக் காரில் நூற்றுக்கு எட்டு என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இதுவும் விலை தெரிந்த குறைதான். கியர்பாக்ஸை இறக்கித்தான் கிளட்சும் மாற்ற வேண்டும், பேரிங்கும் மாற்ற வேண்டும், பின் சீலும் மாற்ற வேண்டும். மூன்றுக்கும் கூலி ஒன்றே. அதனால் நான் தேடுவது இரண்டு விதக் கார்களை. மூன்றும் ஒன்றாக மாற்றிய பில் கையில் இருக்கும் கார் ஒன்று. கிளட்ச் கடைசிக் கட்டத்தில் இருக்கும், விலையும் அதற்கேற்றபடி இறங்கியிருக்கும் கார் இன்னொன்று. போன வருடம் கிளட்ச் மட்டும் மாற்றி, பேரிங்கைத் தொடாமல் மூடிவிட்ட கார்தான் இரண்டும் கெட்டான். அதே கூலியை நீங்கள் மறுபடி கொடுக்க வேண்டும்.

“ஐ.எம்.எஸ். மாற்றியாச்சு” என்று வாய்வார்த்தையாகச் சொல்வதற்கு மதிப்பில்லை. எந்த ஒர்க்‌ஷாப், எந்தத் தேதி, எத்தனை மைலில், எந்தப் பேரிங் என்று பில்லில் இருக்க வேண்டும்.

ஆயில் ஃபில்டரில் மினுக்கல்

வாங்குவது என்று ஏறக்குறைய முடிவான காருக்கு, லிஃப்டில் இருக்கும்போதே ஆயில் மாற்றிவிடச் சொல்லுங்கள். செலவு உங்களுடையது. இதைவிட மலிவான இன்ஜின் பரிசோதனை வேறு இல்லை. விற்பவருக்கும் புது ஆயில் இலவசமாகக் கிடைப்பதால் மறுக்கக் காரணம் இருக்காது.

காகித ஃபில்டரை வெளியே எடுத்து, கத்தியால் இரண்டு ஓரங்களையும் வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்து, ஆயில் வடிந்ததும் வெயிலிலோ நல்ல விளக்கிலோ வெள்ளைத் துணி மேல் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று பொருட்கள் கிடைக்கலாம். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்கு என்றால் செயின் உரசும் பட்டைகள் தேய்கின்றன, 986-இல் வயதாக ஆக இது வரும். நாலைந்து சின்னத் துணுக்கு என்றால் விடலாம், நிறைய இருந்தால் கேம் டைமிங் அளவைக் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது உலோக மினுக்கல். அதன் மேல் மெல்லிய காகிதம் ஒன்றை வைத்துக் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டினால் எஃகு, அதாவது பேரிங்காக இருக்கலாம். ஒட்டாமல் வெள்ளியாக மினுங்கினால் அலுமினியம், பிஸ்டனோ சிலிண்டர் சுவரோ. எஃகுச் செதில் கண்ணுக்குத் தெரியும் அளவில் கிடைத்தால் அந்தக் காரை ஸ்டார்ட் செய்வதே தப்பு. விற்பவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், பாவம், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வெப்பநிலை முள் மேலே நகர்கிறது, டிக்கியில் ஈரம்

முன்பக்கம் இரண்டு மூலையிலும் ரேடியேட்டர். பம்பரின் ஓட்டை வழியாகக் காய்ந்த இலை உள்ளே போய், மக்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து, ஏ.சி. கன்டென்சரையும் ரேடியேட்டரையும் அரித்துவிடும். டார்ச் அடித்தாலே குப்பை தெரியும். ஏ.சி.யைப் போட்டுவிட்டு இறங்கி வந்து இரண்டு பக்கமும் காது கொடுங்கள், இரண்டு விசிறியும் ஓட வேண்டும். ஒரு பக்கம் மௌனமாக இருந்தால் பெரும்பாலும் விசிறியின் ரெசிஸ்டர், சின்னச் செலவு.

டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். 986-இன் கூலன்ட் தொட்டி வயதானால் விரிசல் விடும், இனிப்பு வாசனையோடு கம்பளம் நனைந்திருக்கும். மாற்றிவிடலாம்.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆயில் மூடியின் உள்பக்கம் மெல்லிய வெண்ணிறப் பாலாடை இருந்தால், குளிர்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டுமே ஓடிய கார் என்று அர்த்தம், நீராவி படிந்தது. கூலன்ட் தொட்டியில் பழுப்பு நிறக் கூழ் மிதந்தால் ஆயிலும் தண்ணீரும் உள்ளே எங்கோ கலக்கின்றன. ஆயில் கூலர் ஓட்டையாக இருக்கலாம், அது சில நூறு பவுண்டில் முடியும். சிலிண்டர் ஹெட் வெடித்திருக்கலாம், அது சில ஆயிரம். எது என்று கழற்றாமல் தெரியாது. விற்பவர் “கூலர்தான், நிச்சயம்” என்றால், அவரே மாற்றிவிட்டு விற்கட்டும்.

கியர், கிளட்ச்

கிளட்ச் பெடல் கல்லுபோல் கனத்தால் தட்டு தேய்ந்துவிட்டது. இரண்டாவது கியரில் முடுக்கிவிட்டுச் சட்டென்று காலை எடுங்கள், கியர் தானாக வெளியே குதித்தால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும். அந்தச் செலவு கிளட்சோடு நிற்காது. குளிரில் இரண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிப்பதை மன்னிக்கலாம். டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும்போது உதறல் இருந்தால் தள்ளிவிடுங்கள். இந்தக் காரை ஆட்டோமேட்டிக்கில் வாங்குவதே எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

குழியில் இறங்கினால் டொக் டொக்

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை, கார் சாயாமல் தடுக்கும் ஆன்டி ரோல் பாரின் இணைப்பு, பின்னால் உடைந்த ஸ்பிரிங். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை அரித்து உடைத்துவிடும். எல்லாம் விலை தெரிந்தவை. பட்டியல் போட்டு விலையில் கழியுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

டயர் நான்கும் நான்கு கம்பெனி

இது பழுது இல்லை. ஆனால் ஒரு காரைப் பற்றி அதன் உரிமையாளர் சொல்லாத எதையும் டயர் சொல்லிவிடும். போர்ஷே ஒப்புதல் பெற்ற டயரில் என்0, என்1 என்று குறி இருக்கும். அது கட்டாயம் இல்லை, ஆனால் ஒரே அச்சில் இரண்டு வேறு கம்பெனி டயர் போட்டவர் ஆயிலிலும் மிச்சம் பிடித்திருப்பார். பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதிகம் தேயாமலே பத்து வயதான டயர் என்றால் கார் ஓடாமல் கிடந்திருக்கிறது.

மைல் மிகக் குறைவு

மற்ற கார்களில் இது வரம். இங்கே சந்தேகத்துக்குரியது. வருடத்துக்கு சில நூறு மைல் மட்டும் ஓடி, மைல் ஆகவில்லையே என்று ஆயிலும் மாற்றாமல் கராஜில் கிடந்த காரில், ஈரம் சேர்ந்த பழைய ஆயிலில் அந்த ஐ.எம்.எஸ். பேரிங் ஊறிக்கொண்டே இருந்திருக்கும். 90,000 மைல் ஓடி, வருடா வருடம் ஆயில் மாற்றிய பில் கட்டோடு வரும் காரை, 30,000 மைல் ஓடி மூன்று பில்லோடு வரும் காரைவிட நான் முன்னால் வைப்பேன். விலையும் குறைவாக இருக்கும்.

இன்ஜின் கணினியில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பதிவாகியிருக்கும். ஸ்பெஷலிஸ்ட் தன் கருவியை மாட்டி அதை எடுத்துத் தருவார். மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். 60,000 மைல், 2,000 மணி என்றால் மணிக்கு 30 மைல் சராசரி, நம்பலாம். 40,000 மைல், 4,000 மணி என்றால் மணிக்கு 10 மைல். ஸ்போர்ட்ஸ் காரை யாராவது பத்து மைல் வேகத்தில் வருடக்கணக்கில் ஓட்டுவார்களா? மீட்டரில் கைவைத்திருக்கிறார்கள்.

அதே அறிக்கையில் எத்தனை தடவை இன்ஜின் எல்லைக்கு மேல் சுழன்றது என்பதும் வரும். எல்லையைத் தொட்டு நின்றது பரவாயில்லை. ஐந்தாவதுக்குப் பதில் மூன்றாவது கியரைப் போட்டு, சக்கரமே இன்ஜினை எல்லைக்கு மேல் சுழற்றியது தனியாகப் பதிவாகும். அது கடைசியாக எந்த மணியில் நடந்தது என்று பாருங்கள். அதன் பிறகு ஆயிரம் மணி ஓடியிருந்தால் பிழைத்துவிட்டது என்று விடலாம். போன மாதம் நடந்தது என்றால் வேண்டாம்.

மின்சாரம் முரண்டு பிடிக்கிறது, கூரை பாதியில் நிற்கிறது

கூரைத் தண்ணீர் வடியும் துவாரங்கள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். அலாரத்தையும், சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபைலைசரையும் நடத்தும் பெட்டியை 986-இல் இருக்கைக்கு அடியில் தரையில்தான் வைத்திருக்கிறார்கள். இந்த யோசனை யாருக்கு வந்ததோ! அது நனைந்தால் பூட்டு வேலை செய்யாது, ஸ்டார்ட் ஆகாது. இருக்கைக்கு அடியில் கையை விட்டுக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்தப் பெட்டியின் விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

கூரை பன்னிரண்டு நொடியில் மடங்க வேண்டும். ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தினால் கேபிள். 2002 வரையிலான கார்களில் பின் ஜன்னல் பிளாஸ்டிக், மஞ்சளாகி வெடித்திருக்கும். 2003 முதல் கண்ணாடி.

எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது

என் வரிசை இது. கையில் பணம் இருந்தால் 2009 முதல் வந்த 987, 2.9 லிட்டர். இடைத்தண்டு இல்லை, சிலிண்டர் தொல்லையும் மிகக் குறைவு. முந்தைய 987-ஐவிடக் கேட்கும் கூடுதல் தொகை ஓர் இன்ஜின் கட்டும் செலவைவிடக் குறைவாக இருக்கும்வரை அதைக் கொடுப்பதில் நஷ்டமில்லை. பணம் குறைவு என்றால் 986 2.7, 2003-க்குப் பிறகு, பேரிங் மாற்றிய பில்லோடு. 3.4 எஸ்-ஐ சுத்தமான போரோஸ்கோப் அறிக்கை கையில் இல்லாமல் நான் தொட மாட்டேன்.

இவ்வளவும் தலைவலி என்று தோன்றினால் மாஸ்டா எம்.எக்ஸ்.-5 இருக்கிறது. அதன் இன்ஜினைப் பற்றி யாரும் புலம்பிக் கேட்டதில்லை. பக்கவாட்டு அடிப்பகுதியிலும் பின் சக்கர வளைவிலும் துரு மட்டும் பார்த்தால் போதும். ஆறு சிலிண்டரின் சத்தம் கிடைக்காது, அவ்வளவுதான்.

தனிநபரிடம் வாங்கினால் விலை குறைவு, ஆனால் வாங்கிய மறுநாள் உடைந்தாலும் பெரும்பாலும் உங்கள் பாடு. வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும்போதே பழுதிருந்த காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இந்தக் கார் விஷயத்தில் அந்த முப்பது நாளுக்குச் சில நூறு பவுண்டு கூடக் கொடுப்பதை வீண் என்று நான் நினைப்பதில்லை. அந்த நாட்களில் காரைப் பொத்திவைக்காமல் குளிரில் ஸ்டார்ட் செய்யுங்கள், மோட்டார்வேயில் ஓட்டுங்கள், சூடானதும் ஐடிலில் விட்டுக் காது கொடுங்கள். தனிநபர் என்றால் முன்பணம் கொடுக்கும் சீட்டிலேயே “ஸ்பெஷலிஸ்ட் பரிசோதனையில் தேறினால் மட்டும்” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுக்கிறார், லிஃப்டில் ஏற்ற விட மாட்டேன் என்கிறார் என்றால் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த வாரமே இன்னொரு பாக்ஸ்டர் விற்பனைக்கு வரும்.